விற்பனைக்கு அல்லாத பாட்டில்

அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். குழந்தை அழுதால், எண்ணெய் காணாத கிணற்று உருளை சுற்றுகிற மாதிரி கீச்சென்று ஏறும், மூச்சு வாங்கும், மறுபடி ஏறும். எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நல்ல பலமான அழுகை அது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு அது மெலிந்துபோனது.

தேன் கிடைக்குமா என்றுதானே நீங்கள் கேட்டீர்கள், இவள் ஏன் அழுகையைப் பற்றிப் பேசுகிறாள் என்று பார்க்கிறீர்கள். "நீங்க தேன் டீச்சர்தானே" என்று கேட்டதும் எனக்குப் பகீரென்றது. இன்னுமா அந்தப் பெயர் தென்காசியில் இருக்கிறது? மகளுக்கு மாசம் நிறைந்துவிட்டது, பிறந்த பிள்ளை நாக்கில் சேனை வைக்க நல்ல தேன் வேண்டும் என்கிறீர்கள். இல்லை அம்மா. என்னிடம் தேன் இல்லை. இருந்தாலும் தர மாட்டேன். வேறு எங்கேயும் வாங்காதீர்கள். ஒரு வயது ஆகும்வரை பிள்ளை நாக்கில் தேனைக் காட்டாதீர்கள்.

இந்த பஸ் ஆலங்குளம் தாண்டவே நேரமாகும். கேளுங்கள்.

நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தினவள். ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் தேன்பெட்டி வைத்தேன். பொழுதுபோக்காகத்தான். காலையில் பெட்டி அருகே போய் நின்றால் உள்ளே ஓர் ஓசை, வாய் திறக்காமல் சுருதி பிடிக்கிற மாதிரி. அதற்காகவே வைத்தேன் என்றுகூடச் சொல்லலாம். தேன் அதிகமாக வந்தது. தெரிந்தவர்களுக்குக் கொடுத்தேன். தெரிந்தவர்கள் தெரியாதவர்களை அனுப்பினார்கள். அப்படித்தான் வியாபாரமானது. நானாக ஆசைப்படவில்லை.

அப்போது ஒருவர் சொன்னார், லைசென்ஸ் இல்லாமல் விற்றால் கேஸ் போடுவார்கள், ஜெயில்கூட உண்டு என்று. எனக்குச் சட்டம் என்றாலே பயம். இதோ பாருங்கள், டிக்கெட் எடுத்துக் கையில் வைத்திருக்கிறேன். இருந்தும் செக்கர் ஏறினால் எனக்கு நெஞ்சு அடைக்கும். நான் ஒரு தப்பும் செய்யாமலேயே பயந்து வாழ்ந்தவள். உடனே போய்ப் பதிவு செய்தேன். ஒருநாள் பயிற்சி என்றார்கள், அதற்கும் போனேன்.

பயிற்சி கொடுத்தவர் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். பாட்டிலில் ஒட்டுகிற லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பலகையில் எழுதினார். பெயர், விலாசம், பதிவு எண், எடை, எப்போது அடைத்தது, எதுவரைக்கும் நல்லது. சைவம் என்று காட்ட ஒரு பச்சைப் புள்ளி. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "சார், தேனீ உசுருள்ளதுல்லா? பச்சைப் புள்ளியா, செவப்புப் புள்ளியா?" அவர், "பச்சைதாம்மா. தேனீயப் பொரிச்சா விக்கப் போறீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

கடைசியாக இன்னொன்று எழுதினார். ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரி. அதே பெண்தான் மறுபடி கேட்டாள்.

"அப்ப சேனைக்கு என்ன செய்ய?"

"சேனைக்கும் கூடாதும்மா."

"எங்க ஆச்சிமாரெல்லாம் சேனை வச்சுத்தான வளத்தாவ. நாங்க என்ன செத்தா போனோம்?"

"சட்டத்துல இருக்கா இல்லியான்னு கேக்காதீங்க. நான் சொல்லுதேன், போட்டுருங்க."

அதற்கும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அறை முழுக்கச் சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் சிரிக்காமல் இருக்க முடியுமா?

ஆனால் நான் போட்டேன். அதை நீங்கள் கவனிக்க வேண்டும். போடாமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். நான் போட்டேன். எழுத்தின் உயரம் குறைந்தாலும் குற்றம் என்று யாரோ சொன்னதால் அடிக்கோலை வைத்து அளந்தேன். அந்த வரி அவர் எழுதினபடி காதுக்கு முரடாக இருந்தது. மாற்றி மாற்றி எழுதினேன். 'ஒரு வயது நிறையாத மழலைக்கு இத்தேன் வேண்டாம்.' எப்படி இருக்கிறது? சொல்லிப் பாருங்கள், நாக்கில் தடுக்காது. அச்சகத்துக்காரரே, "நீங்க எழுதினா தாலாட்டு கணக்கா இருக்கு டீச்சர்" என்றார்.

பக்கத்து வீட்டில் செண்பகா குடியிருந்தாள். சின்னப் பெண். புருஷன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் கேரளத்தில். அவனுடைய அக்கா பேச்சியம்மாள் கூடவே இருந்தாள். கட்டினவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். தம்பி வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். அதிகம் படிக்காதவள். குரல் மட்டும் தெருமுனை வரைக்கும் கேட்கும். செண்பகாவுக்குப் பெண் குழந்தை பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்குப் பேச்சியம்மாள் என் வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், எங்க பிள்ளைக்கு நீங்கதான் சேனை வைக்கணும்."

"நானா?"

"சேனை வச்சவுக கொணந்தான் பிள்ளைக்கு வரும்பாவ. அதுக்கு என் தொண்ட வரவாண்டாம், செண்பகாவுக்க பயம் வரவாண்டாம். ஒங்க படிப்பு வரட்டும். ஒங்க நாக்கு வரட்டும்."

நீங்கள் பிள்ளை பெற்றவர். உங்களுக்கு இது புரியாது. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். எந்த நல்ல காரியத்திலும் என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தியதில்லை. ஆரத்திக்கும் இல்லை, தொட்டிலுக்கும் இல்லை. பின்வரிசையில் ஒரு நாற்காலி போடுவார்கள், "டீச்சர் உக்காருங்க" என்பார்கள். மரியாதை குறையாது, ஆனால் பின்வரிசை. அன்றைக்கு முதன்முதலாக ஒருத்தி என்னைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். சிரிக்காதீர்கள்.

தேனில் விரல் நுனியைத் தொட்டு அந்த வாயில் வைத்தேன். அந்த நாக்கு என் சுண்டுவிரல் நகத்தளவு இருந்தது. சப்பென்று பிடித்துக்கொண்டது. "பாரேன், டீச்சர் வெரல விடமாட்டேங்கா!" என்று பேச்சியம்மாள் கத்தினாள். நான் அழுதுவிட்டேன்.

திரும்பும்போது ஒரு சின்ன பாட்டிலில் தேன் கொடுத்துவிட்டு வந்தேன். பேச்சியம்மாள் வசம்பும் ஜாதிக்காயும் கல்லில் இழைத்து உரைமருந்து கொடுப்பாள், அதைக் குழைக்கத் தேன் வேண்டும் என்றாள். அந்த பாட்டிலில் லேபிள் ஒட்டவில்லை. ஏன் ஒட்ட வேண்டும்? விற்கிற பாட்டிலுக்குத்தானே லேபிள். அன்பளிப்புக்குக் கிடையாது. இது நான் பயிற்சியிலேயே கேட்டுத் தெளிந்துகொண்ட விஷயம். சட்டப்படி நான் செய்தது முழுக்கச் சரி.

குழந்தை நன்றாகத்தான் இருந்தது. குளிப்பாட்டுகிற நாளில் உரைமருந்து, அப்புறம் சாம்பிராணிப் புகை, அப்புறம் தூக்கம். சுவர் வழியே எல்லாம் எனக்குக் கேட்கும். அதன் அழுகையை வைத்தே அதற்குப் பசியா தூக்கமா என்று சொல்லிவிடுவேன். பாட்டில் காலியானபோது பேச்சியம்மாள் வந்தாள், மறுபடி நிரப்பிக் கொடுத்தேன்.

பிறகு ஒருநாள் அழுகை தணிந்து கேட்டது. செண்பகா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேசினாள். "டீச்சர், பாப்பா வெளிக்கிப் போகமாட்டேங்கு. மொகம் ஒருமாதிரி வாடிக் கெடக்கு." சூடு பிடித்திருக்கும் என்று பேச்சியம்மாள் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் பால் குடிக்க வாயைத் திறந்தது, இழுக்கவில்லை. கண்ணிமை பாதி மூடியே இருந்தது. தலை நிற்காமல் துவண்டது. அழுகை என்று ஒன்று இருந்தது. ஈரத்துணிக்கு அடியில் யாரோ எதையோ பொத்தி வைத்திருக்கிற மாதிரி. நான் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். சத்தம் வராதா, அந்த உருளை ஒரே ஒருமுறை கீச்சென்று கத்தாதா என்று. அப்படி ஒரு பயம் எனக்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. இல்லை. பின்பு வந்தது.

திருநெல்வேலிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "டீச்சர், நீங்க வாங்க. எங்களுக்கு டாக்டர்ட்டப் பேசத் தெரியாது" என்றார்கள். அதனால்தான் போனேன். டாக்டர் சின்ன வயசுக்காரர். குழந்தையின் கையைத் தூக்கி விட்டார். அது துணி மாதிரி விழுந்தது. அவர் எங்கள் மூன்று பேரையும் பார்த்துக் கேட்டார்.

"தாய்ப்பால் தவிர வேற எதாவது குடுத்தீங்களா? தண்ணி, சர்க்கரைத் தண்ணி, நாட்டு மருந்து, தேன்?"

தேன் என்று அவர் சொன்னதும் அந்த வரி கண்முன்னால் வந்தது. என் வரி. பேச்சியம்மாள் டாக்டர் திட்டுவார் என்ற பயத்தில், "ஒண்ணும் குடுக்கல சாமி, தாய்ப்பாலு மட்டுந்தான்" என்றாள். செண்பகா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார். படித்தவள் என்று முகத்தில் எழுதியிருக்கும் போல. "யூ ஆர் ஷ்யூர், மேடம்?" என்றார்.

"ஒன்லி பிரெஸ்ட் மில்க், டாக்டர்" என்றேன்.

என்ன பார்க்கிறீர்கள்? அவர்கள் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவ்வளவுதான். பேசத்தானே என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்? வீட்டுக்காரர்களே இல்லை என்று சொல்லும்போது, பக்கத்து வீட்டுக்காரி நான் எழுந்து, இல்லை டாக்டர், இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல முடியுமா? அது அவர்கள் குடும்பத்தை அவமானப்படுத்துவது ஆகாதா?

அவர் குறித்துக்கொண்டு போய்விட்டார். கால் வீங்குகிறது என்று சொல்லிவிட்டு நான் அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். வழியெல்லாம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் காக்கிச்சட்டை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்தால் அலமாரியில் வரிசையாகத் தேன் பாட்டில்கள். எல்லாவற்றிலும் அந்த வரி. ஒரு வயது நிறையாத மழலைக்கு. அடிக்கோல் வைத்து அளந்த எழுத்தில். யாராவது வந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள்? இவளுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதானே? எழுதாதவளுக்குத் தெரியாது என்று விட்டுவிடுவார்கள். எழுதினவள் மாட்டிக்கொள்வாள். சட்டம் அப்படித்தான் அம்மா, ஒழுங்காக இருக்கிறவளைத்தான் பிடிக்கும்.

அண்டாவில் தண்ணீர் நிரப்பி எல்லா பாட்டிலையும் அதில் போட்டேன். பட்டப்பகல். லேபிள்கள் ஊறி ஒவ்வொன்றாகக் கழன்று மேலே வந்தன. எஞ்சியது விரலில் ஒட்டிக்கொண்டது, சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். தேனீக்கள் வந்து அண்டா விளிம்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தன. அச்சடித்து மிச்சமிருந்த லேபிள் கட்டையும் அடுப்பில் வைத்தேன்.

மறுநாள் செண்பகா போன் செய்தாள்.

"டீச்சர், பாப்பாவுக்கு மூச்சு விட முடியல. குழாய் வச்சிருக்காவ."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டாரு. மைனி சொல்லிட்டாவ."

"என்ன சொன்னாள்?"

"உரமருந்துல தேன் கொழச்சுக் குடுத்தேன்னு. குத்தாலத்துல ரோட்டுல வித்தவன்ட்ட வாங்குனேன்னு சொன்னாவ. ஒங்க பேர எடுக்கல."

அலமாரியில் லேபிள் இல்லாமல் நின்ற பாட்டில்களையே பார்த்தேன்.

"டீச்சர்? இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்றேன். பேச்சியம்மாளாகத்தான் சொன்னாள், தெரிகிறதா? நான் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. பிறகு ஒருமுறை ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டதற்கு, "நாந்தான ஒங்கள வலிய இழுத்துட்டுப் போனேன் டீச்சர். பிள்ளைக்கு நல்லது நெனச்சு வந்தவுகள எப்படிக் காட்டிக்குடுக்க?" என்றாள். அவளுக்கு அந்த லேபிளைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

தேனாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். தேனுக்குள் ஒரு கிருமியின் விதை தூங்கிக்கொண்டிருக்குமாம். பெரியவர்கள் வயிற்றில் அது செத்துப்போகும். பச்சைப்பிள்ளை குடலில் முளைத்து விஷம் கக்குமாம். இருக்கலாம் என்றுதான் சொன்னார். தேன்தான் என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

பிறகு ஜீப் வந்தது. ஊரில் தேன் விற்கிறவர்கள் எல்லோரிடமும் மாதிரி எடுக்கச் சொல்லி உத்தரவு என்றார் உணவுப் பாதுகாப்பு அலுவலர். நாகரிகமான பையன். பாட்டில்களைப் பார்த்து, "லேபிள் ஒண்ணையும் காணோமே மேடம்?" என்றார்.

"இதெல்லாம் வீட்டுக்கு. விற்பனைக்கு இல்லை."

"விக்கலைன்னா நான் கேக்க ஒண்ணுமில்ல" என்று ஒரு பாட்டிலுக்கு முத்திரை வைத்து எடுத்துக்கொண்டு போனார். அது போய் முடிவு வருகிறவரை நான் சாப்பிட்ட சோறு எனக்குச் சோறாக இல்லை. வாசலில் எந்த வண்டி நின்றாலும் பின்கதவுக்குப் போய்விடுவேன். வெயில் ஏறினால் கூடக் குளிர்ந்தது.

முடிவு வந்தது. அவரே வந்து சொன்னார். "பயப்படாதீங்க மேடம். ஒங்க தேன் சுத்தமான தேன். சர்க்கரை கலக்கல, தண்ணி கலக்கல. இந்த ஜில்லாவுலயே இவ்வளவு சுத்தமா நான் பாக்கல." அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். சுத்தமான தேன். சர்க்காரே சொல்லிவிட்டது. பிறகு என் மேல் என்ன குற்றம்?

போகும்போது திரும்பினார். "ஒங்க லேபிள்ல குழந்தைகளுக்கு ஒரு எச்சரிக்கை அழகா எழுதியிருப்பீங்களாமே, பயிற்சி நடத்தினவர் சொன்னாரு. ஒண்ணு குடுங்க மேடம். மத்தவங்களுக்கு மாதிரியா காட்டணும்."

லேபிள் தீர்ந்துவிட்டது என்றேன். "அந்த வரி ஞாபகம் இருக்கா?" என்றார். சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், அதையும் சொன்னேன். நன்றாக வந்திருக்கிறது மேடம் என்றார். அவர் தலை மறைந்ததும் நான் அங்கேயே, முற்றத்தில், மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அழுகைக்குப் பழைய பலம் வர வெகுநாள் ஆனது. வந்தது. நான் கேட்டேன். ஆனால் லாரிக்காரன் ஊருக்கு வந்ததும் ஆடித் தீர்த்துவிட்டான். "எம் பிள்ளைக்கு வெசத்தக் கொடுத்துக் கொல்லப் பாத்தியே, நீயெல்லாம் அக்காவா" என்று தெரு கேட்கக் கத்தினான். செண்பகா கதவுக்குப் பின்னால் நின்றாள். வாய் திறக்கவில்லை, அவளுக்கும் பயம். அத்தனை சத்தமாகப் பேசுகிற பேச்சியம்மாள் அன்றைக்கு ஒரு சொல் பேசவில்லை. நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். குடும்பச் சண்டையில் வெளியாள் தலையிடக் கூடாது.

ஒரு பையில் சேலைகளை வைத்துக்கொண்டு என் வாசலுக்குத்தான் வந்தாள்.

"தம்பிக்குக் கோவம் தணியிற வரைக்கும் ரெண்டு நாள் இருந்துக்கிடட்டுமா டீச்சர்? அடுக்களையில சுருண்டுக்கிடுவேன்."

என் வீட்டில் இடம் இல்லாமல் இல்லை. ஆனால் நீங்களே யோசியுங்கள். அவள் என் வீட்டில் இருந்தால் ஊர் என்ன கேட்கும்? ஏன் இங்கே வந்தாள், தேனுக்கும் டீச்சருக்கும் என்ன என்று கேட்காதா? அந்த அலுவலர் மறுபடி வந்து இவளைப் பார்த்துவிட்டால்? உடம்புக்கு முடியவில்லை பேச்சி, இன்னொரு நாள் வா என்றேன். "சரி டீச்சர். நீங்க ஒடம்பப் பாத்துக்கிடுங்க" என்றாள். பட்டுப்புடவை கட்டின அன்றைக்குப் பிடித்த மாதிரியே என் கையைப் பிடித்தாள். அந்தக் கை சூடாக இருந்தது.

அப்புறம் தேன்பெட்டிகளைக் கொடுத்துவிட்டேன். செண்பகாவும் வீடு மாறிப் போய்விட்டாள். இப்போது அந்தப் பக்கம் ஒரு கூரியர் ஆபீஸ், டேப் கிழிக்கிற சத்தம்தான் கேட்கும்.

நீங்கள் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள்? உங்கள் மகளுக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் ஊர் எது என்று கேட்க மறந்துவிட்டேன். சுரண்டையா? அப்படியானால் உங்களுக்குப் பேச்சியம்மாளைத் தெரிந்திருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டு, அங்கேயே ஸ்டோர் ரூமில் படுத்துக்கொண்டிருந்தாள். போன ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். தம்பிக்குச் சொல்லிவிட்டார்கள், அவன் வரவில்லை. மண்டபத்துக்காரர்களே எடுத்து அடக்கம் செய்தார்கள்.